அஜைல் வந்துவிட்டது, புரோகிராம் மேனேஜர் இனி என்ன செய்வார்?

"அஜைலுக்கு மாறிவிட்டோமே, இனி புரோகிராம் மேனேஜர் எதற்கு?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "ஸ்பிரின்ட் எல்லாம் நடத்திக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த ஆண்டு எந்த வசதி எந்தத் தேதியில் வரும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள்" என்று இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே அலுவலகத்தில், சில நேரம் ஒரே கூட்டத்திலேயே காதில் விழும்.

முதலாமவர், புரோகிராம் மேனேஜ்மென்ட் என்றால் அட்டவணை போட்டு ஆட்களை விரட்டுவது என்று நினைக்கிறார். இரண்டாமவர், அஜைல் என்றால் பழைய வேலையையே கொஞ்சம் வேகமாகச் செய்வது என்று நினைக்கிறார். இரண்டு நினைப்பும் தவறு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது வேலை செய்யும் குழுக்கள்தான்.

துறைக்குப் புதியவர்களுக்காக அடியிலிருந்து தொடங்குகிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டி, கணக்கு வரும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

## புரோகிராம் என்றால் என்ன?

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளான், புராஜெக்ட், ஸ்கீம் மூன்றையுமே ‘திட்டம்’ என்று சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் திட்டம் என்றால் பிளான் மட்டும்தான். புராஜெக்டை புராஜெக்ட் என்றே எழுதுகிறேன். புரோகிராம் என்று வரும்போது கணினி நிரலையும் மேடை நிகழ்ச்சியையும் மறந்துவிடுங்கள்.

ஒரு புதிய மருத்துவமனை திறக்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடம் எழும்ப வேண்டும். ஸ்கேன் கருவிகள் வந்து பொருத்தப்பட வேண்டும். செவிலியர்களையும் மருத்துவர்களையும் வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் ஓட வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு புராஜெக்ட்: தொடக்கமும் முடிவும் உள்ள, ஒரு குறிப்பிட்ட பொருளை உண்டாக்கித் தருகிற வேலை.

கட்டடம் மட்டும் முடிந்தால் ஒரு நோயாளிக்கும் சிகிச்சை கிடைக்காது. மென்பொருள் மட்டும் முடிந்தாலும் அதே கதைதான். எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில்தான் பயன் பிறக்கிறது. இப்படித் தனித்தனியாக நடத்தினால் கிடைக்காத பயனுக்காக, தொடர்புள்ள பல புராஜெக்டுகளைச் சேர்த்து நடத்துவதைத்தான் புரோகிராம் என்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் புரோகிராம் மேனேஜர்.

ஆகவே புராஜெக்ட் மேனேஜரின் கேள்வி "என் பகுதி முடிந்ததா?" என்பது. புரோகிராம் மேனேஜரின் கேள்வி "எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறதா?" என்பது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

## அஜைல் என்றால் என்ன?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 மென்பொருள்காரர்கள் கூடினார்கள். அங்கே எழுதியது ‘அஜைல் அறிக்கை’. 4 மதிப்பீடுகள்; அவற்றோடு 12 கொள்கைகள். நான்காவது மதிப்பீடுதான் அதிகம் அடிபடுவது: திட்டத்தைப் பின்பற்றுவதைவிட, மாற்றத்துக்கு ஏற்ப நடந்துகொள்வதை அதிகமாக மதிக்கிறோம் என்கிறது அது. ‘அதிகமாக’ என்ற சொல்லை விட்டுவிட்டு, "அஜைலில் திட்டமே கிடையாது" என்று படித்தவர்கள் ஏராளம். அந்த அறிக்கையின் முடிவிலேயே, ஒதுக்கிச் சொன்னவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அதுவரை படிக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை.

அன்றாட உதாரணம் வேண்டுமென்றால், தையல்காரரிடம் உடை தைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை அளவெடுத்து, மாதம் கழித்து முழுசாகத் தைத்துக் கையில் கொடுப்பது ஒரு வழி. துணியை வெட்டி மேலோட்டமாக இணைத்தவுடன் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லி, இறுக்கமான இடத்தைச் சரிசெய்து, மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வது இன்னொரு வழி. இரண்டிலும் அளவு உண்டு, திட்டம் உண்டு. தவறு எப்போது தெரியவருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அஜைல் என்பது இந்த இரண்டாவது வழி. வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் பயன்படுத்திப் பார்க்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்து, பயன்படுத்துபவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததை முடிவு செய்வது. இதை நடைமுறைப்படுத்தப் பல முறைகள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் புழங்குவது ஸ்கிரம். அதில் மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். ஸ்பிரின்ட் என்பது ஒரு மாதத்துக்கு மிகாத, நீளம் மாறாத வேலைக்காலம். பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம். பேக்லாக் என்பது செய்ய வேண்டியவற்றின் வரிசை, முக்கியமானது மேலே இருக்கும். அந்த வரிசையை முடிவு செய்பவர் புராடக்ட் ஓனர். குழு சிறியதாக இருக்கும், வழக்கமாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு.

புரோகிராம் மேனேஜர் என்ற பெயர் இந்த ஏற்பாட்டில் எங்குமே வரவில்லை. "அப்படியானால் அவர் தேவையில்லை" என்ற முடிவுக்குப் பலர் வருவது இதனால்தான். ஆனால் ஸ்கிரம் பேசுவது ஒரு சிறு குழுவின் உள்விவகாரத்தை. புரோகிராம் பேசுவது குழுக்களுக்கு இடையில் நடப்பதை. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று அல்ல.

## இடைவெளியில் யாரும் இல்லையென்றால்

2013 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்க அரசு, மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் என்ற இணையதளத்தைத் திறந்தது. முதல் நாளில் அதன் வழியாகப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். ஆறு லட்சமோ ஆறாயிரமோ இல்லை, ஆறே பேர்.

50க்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் அதில் வேலை செய்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் பகுதி என்ன என்று தெரியும். மொத்தமும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் தெளிவான பொறுப்பு யாரிடம் என்பதுதான் பின்னால் நடந்த விசாரணைகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி. பகுதிகளைச் சேர்த்து முழுசாகச் சோதிக்கப் போதிய நேரமும் ஒதுக்கப்படவில்லை.

அப்புறம் அதை மீட்டவர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. எல்லாத் தரப்பினரையும் ஒன்றாகக் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை சந்திக்க வைத்தார்கள். யார் மீது தவறு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இப்போது எது உடைந்திருக்கிறது, யார் சரிசெய்வார்கள் என்பது மட்டும்தான். சில வாரங்களில் தளம் நிமிர்ந்தது. தன் பகுதிகள் எல்லாம் ‘முடிந்திருந்தும்’ மொத்தம் முடியாமல் கிடந்த ஒரு புரோகிராம் அது.

## கணக்கு எங்கே உதைக்கிறது

இப்போது மையப் பகுதிக்கு வருவோம். இதற்குப் பள்ளிக்கணக்கு போதும்.

இரண்டு குழுக்களுக்கு இடையே ஒன்றின் வேலை முடியாமல் இன்னொன்று நகர முடியாத நிலை இருந்தால் அதை டிபென்டென்சி என்கிறார்கள். சுவருக்குள் மின்கம்பி ஓட்டிய பிறகுதான் பூச்சுவேலை. பூச்சுக்காரர் மின்பணியாளருக்காகக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வசதி வெளிவர 5 குழுக்களின் பங்களிப்பு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவும் சொன்ன நாளில் முடிக்க 80% வாய்ப்பு இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தும் ஒரே சமயத்தில் சொன்னபடி முடிய வேண்டும் என்றால், 0.8ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 33%. நல்ல குழுக்கள், நேர்மையான மதிப்பீடுகள், ஆனாலும் மூன்றில் இரண்டு முறை தாமதம். (ஒரு குழுவின் தாமதம் இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. நிஜம் இதைவிடச் சிக்கல்.)

இங்கே வழக்கமான மேனேஜர் என்ன செய்வார்? ஒவ்வொரு குழுவையும் அழுத்துவார். தினமும் கேட்பார், வாராந்திரக் கூட்டம் வைப்பார், சனிக்கிழமை வரச் சொல்வார். இவ்வளவு பாடுபட்டு ஒவ்வொரு குழுவையும் 80இலிருந்து 90 சதவீதத்துக்கு உயர்த்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 0.9ஐ ஐந்து முறை பெருக்கினால் 59%.

இன்னொருவர் யாரையும் அழுத்தவில்லை. அந்த வசதிக்கு 5 குழுக்கள் ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து, வேலையைப் பிரிக்கும் விதத்தை மாற்றி, 2 குழுக்கள் போதும் என்று ஆக்கினார். குழுக்கள் அதே 80 சதவீதத்தில்தான் இருக்கின்றன. 0.8ஐ இரண்டு முறை பெருக்கினால் 64%.

எனக்கு இந்தக் கணக்கு முதலில் காட்டப்பட்டபோது சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. அதுவரை போட்ட ஃபாலோ-அப் கூட்டங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

அடுத்து, காத்திருப்பு. மருத்துவமனைக்கே திரும்புவோம். ரத்தப் பரிசோதனை முடிவு மருத்துவரின் திரையில் தெரிய வேண்டும். பரிசோதனைக்கூட மென்பொருள் குழுவுக்கு 3 நாள் வேலை, நோயாளிப் பதிவேட்டுக் குழுவுக்கு 3 நாள், யார் எதைப் பார்க்கலாம் என்று கவனிக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு 3 நாள். மொத்தம் 9 நாள். மூன்றும் இரண்டு வார ஸ்பிரின்டில் ஓடுகின்றன. முதல் குழு ஒரு ஸ்பிரின்டில் செய்து முடிவில் கொடுக்கிறது, இரண்டாவது குழு அடுத்ததில் எடுக்கிறது, மூன்றாவது அதற்கும் அடுத்ததில். 9 நாள் வேலை 6 வாரம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு குழுவுக்கு வேறு அவசரம் வந்து இது பேக்லாக்கில் ஓர் இடம் கீழே போனால் 8 வாரம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த 6 வாரத்திலும் மூன்று குழுக்களின் ஸ்பிரின்டும் ‘வெற்றி’. யாரும் தாமதிக்கவில்லை. வேலை மட்டும் பாதி நேரத்துக்கு மேல் எவர் மேசையிலும் இல்லாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தது. குழுவுக்குள் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது.

இதற்கும் ஒரு விதி இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்ததால் லிட்டில் விதி என்று பெயர். ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக ஆகும் சராசரி நேரம் = கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை ÷ ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கை. 30 வேலைகளை ஒரே நேரத்தில் திறந்துவைத்து, வாரத்துக்கு 5 முடிக்கிறீர்கள் என்றால், ஒரு வேலை வெளியே வர 6 வாரம். அதே வேகத்தில், ஒரே சமயத்தில் 10 மட்டும் திறந்துவைத்தால் 2 வாரம். ஆட்களும் அவர்கள் வேகமும் மாறவில்லை. எத்தனை வேலைகளைத் தொடங்கி வைத்திருக்கிறோம் என்பது மட்டுமே மாறியது. வரிசையில் பின்னால் நிற்கும் 20 பேருக்கு "உங்கள் வேலையை இன்னும் தொடங்கவில்லை" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும், அதுதான் கடினம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பெரிய புரோகிராம்களில் நேரம் அதிகம் போவது குழுக்களுக்கு உள்ளே இல்லை, இடையில். அஜைல் குழுக்கள் தங்கள் உள்வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அதனால் புரோகிராம் மேனேஜர் குழுவுக்குள் எட்டிப்பார்ப்பதை விட்டுவிட்டு, இடைவெளிகளில் போய் நிற்க வேண்டும். அஜைலுக்கு ஏற்றபடி புரோகிராம் மேனேஜ்மென்டை மாற்றுவது என்று சொல்வது இதைத்தான்.

## அந்த இடைவெளியில் நின்று என்ன செய்வது?

முதல் வேலை, டிபென்டென்சிகளைக் குறைப்பது. கவனியுங்கள், பட்டியல் போடுவதல்ல. பல இடங்களில் டிபென்டென்சிகளை ஒரு பெரிய அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிறம் கொடுத்து, வாரா வாரம் அதைப் படித்துக் காட்டுவார்கள். வரிசை 80ஐத் தாண்டியதும் அதை யாரும் படிப்பதில்லை. குழுக்களின் எண்ணிக்கையும் பயமுறுத்தும்: 5 குழுக்கள் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 தொடர்புகள், 10 குழுக்கள் என்றால் 45, 15 என்றால் 105.

குறைப்பது எப்படி? மெல்வின் கான்வே என்பவர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அமையும் என்றார். கான்வே விதி என்று அறியப்படுவது இதுதான். அதைத் திருப்பிப் போட்டால் ஒரு கருவி ஆகிவிடும். திரை வடிவமைப்பவர்கள் ஒரு குழு, தரவுத்தளக்காரர்கள் ஒரு குழு, சோதனை செய்பவர்கள் ஒரு குழு என்று தொழில்வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு வசதியும் எல்லாக் குழுக்களின் வழியாகவும் ஊர்ந்துதான் வெளிவரும். மாறாக, ‘பரிசோதனை முடிவு மருத்துவரைச் சேர்வது’ என்ற முழு வேலைக்கும் தேவையான ஆட்களை ஒரே குழுவில் வைத்தால், முன்பு பார்த்த மூன்று ஸ்பிரின்ட் ஒன்றாகச் சுருங்கும். இதைச் செய்யத் துறைத்தலைவர்களின் எல்லைகளைத் தொட வேண்டியிருக்கும். குழுக்களால் அது முடியாது. புரோகிராம் மேனேஜர் போன்ற ஒருவர்தான் அந்தச் சண்டையைப் போட முடியும்.

எல்லா டிபென்டென்சியையும் ஒழிக்க முடியாது. மிஞ்சியவற்றுக்குக் குழுக்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். அஜைலைப் பல குழுக்களுக்குச் சேர்த்து நடத்துவதற்காக 2011இல் வெளிவந்த சேஃப் (SAFe) என்ற கட்டமைப்பில், மொத்தம் 50 முதல் 125 பேர் வரை உள்ள பல குழுக்கள், 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடி, அடுத்த காலத்துக்கான வேலையைத் திட்டமிடும். அந்தக் கட்டமைப்பு கனமானது, சடங்குகள் அதிகம் என்று குறை சொல்பவர்கள் நிறைய. எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தின் அடிப்படை எண்ணம் நல்லது: வேலை செய்பவர்களே எதிரெதிரே உட்கார்ந்து "இது உங்களிடமிருந்து எங்களுக்கு எப்போது வரும்?" என்று கேட்பது. புரோகிராம் மேனேஜர் நடுவில் தூதுவராக ஓட வேண்டியதில்லை.

இரண்டாவது, திட்டத்தின் தூரம். அடுத்த மூன்று மாதத்தை விவரமாகவும், அதற்கடுத்த ஆறு மாதத்தைப் பெரிய துண்டுகளாகவும், அதற்கும் அப்பால் உள்ளதை நோக்கமாக மட்டும் எழுதுவது. இரவில் வண்டி ஓட்டுபவருக்கு விளக்கு விழும் தூரம் வரை சாலை தெளிவாகத் தெரியும். அதற்கப்பால் எந்தத் திசை என்று தெரிந்தால் போதும். "அடுத்த ஆண்டு எந்த வசதி எந்தத் தேதியில்?" என்று கேட்பவரிடம், தேதியைச் சொல்லலாம், அந்தத் தேதியில் தீர்ந்திருக்கும் பிரச்சினையையும் சொல்லலாம். எந்தெந்தத் திரையில் எந்தெந்தப் பொத்தான் என்பதை மட்டும் சொல்லக்கூடாது. தேதியையும் நோக்கத்தையும் இறுக்கிப் பிடித்து, உள்ளடக்கத்தை விட்டுக்கொடுப்பது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பழைய முறையில் உள்ளடக்கம் இறுகியிருக்கும், தேதி நழுவிக்கொண்டே போகும்.

மூன்றாவது, முன்னேற்றத்தைக் காட்டும் விதம். "70% முடிந்தது" என்ற வாக்கியத்துக்குப் பெரும்பாலும் பொருளே கிடையாது. நிரல் எழுதும் வேலை 70% முடிந்து, பகுதிகளைச் சேர்த்துச் சோதிக்கும் வேலை இன்னும் தொடங்காமல் இருக்கலாம். சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதற்குப் பதில் ஓடும் பொருளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் குழுக்களின் வேலையையும் ஒன்றுசேர்த்து, ஒரு நோயாளியைப் பதிவு செய்வதிலிருந்து அவர் பரிசோதனை முடிவைப் பார்ப்பதுவரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டினால், ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டின் பாதிப் பக்கங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

பிறகு பணம். இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் அஜைல் முயற்சிகள் பல சத்தமில்லாமல் செத்துப்போகும் இடம் இதுதான். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் உள்ளடக்கத்தை எழுதி வாங்கி, அதற்கு ஆண்டு முழுமைக்கும் பணம் ஒதுக்கினால், நடுவில் கற்றுக்கொண்டதை வைத்து எதையும் மாற்ற முடியாது. மாற்றினால் ஒப்புதல் மறுபடி முதலிலிருந்து. அதனால் குழு, தவறு என்று தெரிந்ததையே கட்டி முடிக்கும். நிலையான குழுக்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவை எதைச் செய்கின்றன என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது மாற்று வழி. கட்டுப்பாடு போய்விடும் என்று நிதித்துறை அஞ்சும். உண்மையில் ஆண்டுக்கு ஒருமுறை கேட்ட கேள்வியை அவர்கள் இப்போது நான்கு முறை கேட்கிறார்கள்.

கடைசியாக, முடிவெடுக்கும் உரிமை. குழு தானே முடிவெடுக்கக்கூடியது எது, மேலே கேட்க வேண்டியது எது என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் போதும். மேலே வந்த கேள்விக்குக் குறித்த நாளுக்குள் பதில் கொடுப்பது புரோகிராம் மேனேஜரின் கடமை. முடிவுக்காகக் காத்திருப்பதும் ஒரு டிபென்டென்சிதான்.

சுருக்கமாக, பழைய ஏற்பாட்டில் புரோகிராம் மேனேஜர் ஆட்களின் வேலையைக் கண்காணித்தார். புதியதில் வேலை நகரும் பாதையைக் கவனிக்கிறார்: எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, யாருடைய முடிவு வரவில்லை.

## ஒரு நிஜக் கதை: எஃப்பிஐயின் சென்டினல்

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐக்கு வழக்குக் கோப்புகளைக் கணினியில் நிர்வகிக்க ஓர் அமைப்பு தேவைப்பட்டது. முதல் முயற்சியை ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவழித்த பிறகு 2005இல் கைவிட்டார்கள். 2006இல் சென்டினல் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார்கள். 4 கட்டங்கள், வெளி ஒப்பந்த நிறுவனம், பின்னர் 45.1 கோடி டாலராக உயர்த்தப்பட்ட பட்ஜெட். 2010 நடுப்பகுதியில் கணக்குப் பார்த்தால் அதில் சுமார் 40 கோடி செலவாகிவிட்டது, 4 கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன.

அந்த ஆண்டு எஃப்பிஐ வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு அஜைலுக்கு மாறியது. ஒப்பந்த ஆட்களைப் பெருமளவு குறைத்து, மீதி வேலையை இரண்டு வார ஸ்பிரின்டுகளாகப் பிரித்தார்கள். 2012 ஜூலை 1 அன்று சென்டினல் எல்லாருக்கும் திறக்கப்பட்டது, அதே பட்ஜெட்டுக்குள்.

அஜைலுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நடுவில் நடந்தது இன்னும் சுவையானது. மாறியபோது அவர்கள் குறித்த முடிவு 2011. அது நழுவியது. 2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கான பயனர்களை வைத்து நடத்திய சோதனையில் அமைப்பு இரண்டு முறை முடங்கியது. இருந்த வன்பொருள் பளுவைத் தாங்கவில்லை என்று தெரிந்து புதியது வாங்க வேண்டியதாயிற்று. மென்பொருள் குழுக்கள் எவ்வளவு ஒழுங்காக ஸ்பிரின்ட் ஓட்டினாலும் வன்பொருள் வாங்குவது அவர்கள் கையில் இல்லை. அது புரோகிராம் மட்டத்து விவகாரம். ஆனால் நிஜப் பயனர்களை வைத்துச் சோதித்ததால்தான், எல்லாருக்கும் திறப்பதற்கு முன்பே அது தெரியவந்தது. ஹெல்த்கேர்.கவ் திறந்த நாளில்தான் அதைத் தெரிந்துகொண்டது.

## பெயர் மட்டும் மாறும் இடங்கள்

சில இடங்களில் மாற்றம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். வாராந்திர ஸ்டேட்டஸ் கூட்டம் ‘ஸ்டாண்ட்-அப்’ ஆகும், எல்லாரும் நின்றுகொண்டு புரோகிராம் மேனேஜரிடம் ஒப்பிப்பார்கள். ஸ்டாண்ட்-அப் என்பது குழு தினமும் சில நிமிடம் தனக்குள் பேசிக்கொள்வதற்கானது.

இதைவிட ஆபத்தானது, குழுக்களை ஒப்பிடுவது. ஒரு ஸ்பிரின்டில் ஒரு குழு எவ்வளவு முடிக்கிறது என்பதை அந்தக் குழுவே தோராயமாகப் போடும் புள்ளிகளில் அளப்பதை வெலாசிட்டி என்கிறார்கள். அது அந்தக் குழு தன் அடுத்த ஸ்பிரின்டைத் திட்டமிட உதவும் எண். "அந்தக் குழு 40 புள்ளி, நீங்கள் ஏன் 25?" என்று ஒரு மேனேஜர் கேட்ட மறுமாதமே எல்லாக் குழுக்களும் 40ஐத் தாண்டிவிடும். வேலை கூடியிருக்காது, புள்ளி வீங்கியிருக்கும். ஓர் அளவை இலக்காக்கினால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் சொல்லப்படும் விதிக்கு இதைவிடச் சுலபமான உதாரணம் கிடைக்காது.

## கட்டடத்துக்கு ஸ்பிரின்ட் கிடையாது

மருத்துவமனை உதாரணத்தை வேண்டுமென்றேதான் எடுத்தேன். அங்கே எல்லாமே மென்பொருள் அல்ல. அடித்தளத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கருத்துக் கேட்டு மாற்ற முடியாது. ஸ்கேன் கருவியை மாதங்களுக்கு முன்பே ஆர்டர் செய்தாக வேண்டும். உரிமங்களுக்கு அவற்றுக்கே உரிய வரிசை உண்டு. பெரும்பாலான நிஜப் புரோகிராம்களில் இப்படி இரண்டு வேகங்கள் இருக்கும். எல்லாவற்றையும் அஜைல் ஆக்குவேன் என்று கிளம்புவதும், ஒரு பகுதி அஜைல் ஆகாது என்பதற்காக மொத்தத்தையும் பழைய முறையில் கட்டிப்போடுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

இரண்டும் சந்திக்கும் புள்ளிகளை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. ஒன்றைப் பார்ப்போம். நோயாளியின் கட்டில் ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு திரை வைப்பதா, செவிலியர் கையில் ஒரு டேப்லெட் கொடுப்பதா என்று மென்பொருள் குழுவுக்கு இன்னும் தெரியாது. செவிலியர்களிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய விரும்புகிறார்கள். அதற்கு மூன்று மாதம் ஆகும். கட்டடக்காரரோ அடுத்த வாரம் சுவர் பூசப்போகிறார். கம்பி போக வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

பழைய பாணி மேனேஜர் மென்பொருள் குழுவை இன்றே முடிவெடுக்கச் சொல்லி வற்புறுத்துவார். அஜைல் என்ற பெயரில் எல்லாவற்றையும் தள்ளிப்போடுபவர், கட்டடக்காரரை மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார். இடைவெளியில் நிற்கத் தெரிந்தவர் கட்டடக்காரரிடம் போய், ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் சுவருக்குள் ஒரு காலிக் குழாயைப் பதித்துவிட்டுப் பூசச் சொல்வார். சுவர் பூசும் வேலை அடுத்த வாரமே நடக்கும். கம்பி தேவையென்றால் மூன்று மாதம் கழித்து அந்தக் குழாய் வழியே இழுத்துக்கொள்ளலாம், தேவையில்லையென்றால் குழாய் சும்மா கிடக்கும்.